நட்டு மேல் வெள்ளைக் கோடு

சின்னப்பொண்ணு மண்ணை வாரித் தூற்றினாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தூற்றினாள். வல்லம் வடகாலில் காந்திமதி வீட்டு வாசலில் குனிந்து, சிமென்ட் ரோட்டின் ஓரத்தில் கிடந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளிக் கதவின் மேல் வீசினாள்.

"உன் தம்பி கட்டுன கட்டுதான் எம் புருஷனைக் கொன்னுச்சு. ஊரான் வூட்டுத் திருட்டெல்லாம் கண்டுபுடிக்கிறவளாச்சே நீ, இத்தைக் கண்டுபுடிச்சியா?"

அதோடு விட்டாளா? தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று அதையே சொல்லிக்கொண்டு போனாள். கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அப்படி இருக்காது என்று மறுத்துப் பேச ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

காந்திமதி வாய் செத்தவள் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் துப்பறியும் ஆபீஸ் வைத்து, மாப்பிள்ளைகளின் வண்டவாளத்தையும் கம்பெனிகளில் காணாமல் போகும் செம்புக் கம்பியின் போக்கிடத்தையும் கண்டுபிடிக்கிறவள். ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தை திருப்பிக் கொடுப்பாள். அன்றைக்கு நாக்கு எழவில்லை. கடலில் போன இரண்டு பேரில் ஒருவன் சின்னப்பொண்ணுவின் புருஷன் கோதண்டம், இன்னொருவன் இவளுடைய ஒரே தம்பி குமாரவேல். எதிரே நின்றவளுக்கு இருந்த அதே வயிற்றெரிச்சல் இவளுக்கும் இருந்தது. யார்மேல் கொட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

குமாரவேல் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனியில், காரைப் பூட்டும் லைனில் வேலை பார்த்தவன். நெல் விளைந்த ஊரில் பிறந்தவனுக்குக் கடல்மேல் என்ன மோகமோ, வேலையை விட்டுவிட்டு, கோதண்டத்தோடு கோவளத்துக்குப் போய்த் தொழில் பழகி, சின்னதாக ஒரு ஃபைபர் படகு வாங்கினான். வாங்கியதும் செய்த முதல் காரியம் படகில் லைஃப் ராஃப்ட் பொருத்தியதுதான். வெள்ளைப் பீப்பாய் ஒன்று. அதற்குள் மடித்து வைத்த ரப்பர் மிதவை. படகு மூழ்கினால் பீப்பாய் தானாகக் கழன்று மேலே வந்து, தானாக ஊதிக்கொண்டு, ஆட்களை ஏற்றிக்கொள்ளும். இந்தக் கட்டுமரத் தம்மாத்துண்டுக்கு இது வேறயா என்று கரையே சிரித்தது. குமாரவேல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, அலை புரட்டிப் படகு மூழ்கியது. ராஃப்ட் கழன்றது, ஊதியது, ஆனால் மேலே வரவில்லை. பிற்பாடு முங்கிப் பார்த்தவர்கள் வந்து சொன்னதைக் கேட்டு காந்திமதி மூன்று நாள் சோறு தின்னவில்லை. ஆரஞ்சு நிற மிதவை முழுசாக ஊதி, மூழ்கிய படகுக்கு மேலே தண்ணீருக்குள்ளேயே நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்ததாம். கயிற்றை மாட்ட வேண்டிய இடத்தில் மாட்டாமல் படகின் இரும்பு வளையத்தில் மாட்டியிருந்தார்கள். படகு தன்னோடு மிதவையையும் கீழே இழுத்துக்கொண்டது. கட்டியவர் செய்த தவறு என்று விசாரித்தவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். கட்டியவன் குமாரவேல்.

காந்திமதி அதை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. எவனோ கை வைத்திருக்கிறான், அந்தக் கையை முறிக்காமல் விடமாட்டேன் என்று காரியம் முடிந்த அன்றே மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டாள்.

வாசலில் விழுந்த மண்ணை வசந்தகுமார்தான் பெருக்கித் தள்ளினான். குமாரவேலின் சிநேகிதன், அதே கம்பெனியில் இருந்துவிட்டு இப்போது ஒரகடம் கூட்ரோட்டில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறவன். பாடைக்குத் தோள் கொடுத்தவன், அன்றைக்கு இவளைவிடச் சத்தமாக அழுதவன். சின்னப்பொண்ணுவின் பேச்சை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆறுதல் சொன்னான். படகிலிருந்து மீட்டுக் கொடுத்த சாமான்கள் ஒரு சாக்கில் கட்டி மூலையில் கிடந்தன. அதைப் பார்க்கப் பார்க்கத்தானே அக்கா உங்களுக்கு வேதனை, கொடுங்கள், பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுகிறேன் என்றான். இருக்கட்டும் என்றாள் காந்திமதி. அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு சாக்கைத் தரையில் கவிழ்த்தாள்.

"மீன் ஏதும் இருக்குமோன்னு பாத்தேன், வெறும் இரும்பால்லா கெடக்கு" என்றான் சுடலைக்கண்ணு.

இவன் அவளுடைய அசிஸ்டென்ட். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து, வாய்க் கொழுப்பினால் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவன். அந்த வாய்க்காகவே காந்திமதி அவனைச் சேர்த்துக்கொண்டாள். மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிக்கச் சொன்னால் கூடவே உட்கார்ந்து குடித்து விசாரித்துவிட்டு வருவான்.

சாக்கிலிருந்து விழுந்தவற்றில் ஒன்று, லாடம் மாதிரி வளைந்த இரும்புக் கொக்கி. ஷாக்கிள் என்பார்கள். வாய்ப் பக்கம் குறுக்கே ஒரு போல்ட்டும் நட்டும். ராஃப்டின் கயிற்றைப் படகோடு பிணைத்திருந்தது இதுதான். உப்புக்காற்று படாமலிருக்கக் குமாரவேல் இதன்மேல் பழைய சைக்கிள் டியூப் துண்டை உறை மாதிரி மாட்டி வைத்திருந்தான். காந்திமதி உறையை உருவி எறிந்துவிட்டு, ஒட்டியிருந்த சேற்றைத் துணியால் துடைத்தாள். நட்டின் மேல் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பெயின்ட்.

அது தம்பியின் கை. கார் லைனில் ஒரு நட்டை அளவாக இறுக்கி முடித்ததும், நட்டிலிருந்து போல்ட்டின் முனைவரைக்கும் பெயின்ட் பேனாவால் ஒரே கோடாக இழுத்துவிட வேண்டும். பின்னால் நட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். வருஷக்கணக்கில் அதையே செய்த கை, வேலையை விட்ட பிறகும் அடங்கவில்லை.

"நம்ம ஆபீஸ் ஃபேன்ல போட்டாக, உங்க வீட்டு கேஸ் சிலிண்டர்ல போட்டாக, எம் ஸ்கூட்டர் நட்டுலயும் போட்டாக" என்றான் சுடலைக்கண்ணு. "நான் கொஞ்சம் அசையாம நின்னிருந்தா எம் மண்டைலயும் ஒரு கோடு இழுத்திருப்பாக."

வேறு நாளாக இருந்தால் காந்திமதி சிரித்திருப்பாள். அவள் கண் நட்டைவிட்டு அகலவில்லை. நட்டின் மேல் இருந்த மஞ்சள் ஒரு பக்கம் பார்த்தது, போல்ட்டின் முனையில் இருந்த மஞ்சள் இன்னொரு பக்கம் பார்த்தது. கோடு பிளந்து கிடந்தது.

கடலில் ஆடி ஆடித் தானாகவே கழன்றிருக்கலாமே என்று சுடலைக்கண்ணு கேட்டான். கேட்கட்டும் என்றுதான் அவளும் காத்திருந்தாள். ஷாக்கிளை அவன் கையில் கொடுத்து, நட்டைத் திருகிப் பார்க்கச் சொன்னாள். பல்லைக் கடித்துத் திருகினான். இம்மிகூட அசையவில்லை.

"தானா லூசானது இம்மாம் டைட்டா இருக்குமா?" என்றாள். "எவனோ தொறந்து கீறான். தொறந்து எடம் மாத்திட்டு மறுபடியும் டைட் பண்ணிகீறான். எம் தம்பி ஒழுங்காத்தான் கட்னான் சுடலை."

சொல்லும்போதே அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே ஆத்திரம் வந்தது. இரண்டில் ஆத்திரம்தான் நின்றது.

ராஃப்டைக் கடைசியாகக் கையாண்டது யார் என்பது அவளுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் பிரித்துச் சோதித்து மடித்துக் கொடுக்கும் பட்டறை இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டைக்குள்ளேயே இருந்தது. அங்கே வேலை செய்யும் ரஞ்சித்தான் புரட்டாசியில் அதைக் கோவளத்துக்குத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தவன். அவனும் குமாரவேலோடு லைனில் இருந்தவன்தான். ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெளிந்து போகும்போது, இந்த ரோட்டைக் கடப்பதற்கே ஆளுக்கு ஒரு ராஃப்ட் வேண்டும் என்று சுடலைக்கண்ணு புலம்பிக்கொண்டே ஓட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஷாக்கிளை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள்.

பட்டறை முழுக்க ரப்பர் வாசனை. நடுவில் ஒரு மிதவையை ஊதிக் காயப்போட்டிருந்தார்கள், மேலே கூடாரம் மாதிரி துணிக்கூரையோடு. சுடலைக்கண்ணு செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் ஏறி உட்கார்ந்தான்.

"யக்கா, ஒரு ஃபேன் மாட்டுனா வாடகைக்கு விடலாம். இருங்காட்டுக்கோட்டைல இதவிடச் சின்ன ரூம்ல ஆறு பேரு கெடக்கான்."

காந்திமதி அவன் பக்கம் திரும்பவில்லை. ஷாக்கிளை ரஞ்சித்தின் மேஜைமேல் ணங்கென்று வைத்து, இதைத் திறந்தது நீதானே என்று நேராகக் கேட்டாள். ரஞ்சித் பதறவில்லை. ஒல்லியான மனிதன், சாவகாசமாகப் பேசுகிறவன். பட்டறை வேலை பீப்பாயோடு சரி, அதைப் படகில் பொருத்துவது படகுக்காரர் பாடு. கொண்டுபோன அன்றும் குமாரவேல் யாரையும் தொடவிடாமல் தானே கட்டினான் என்றான். எப்படிக் கட்டினான் என்று அங்கிருந்த மாதிரித் தாங்கியில் காட்டினான்.

பார்க்கச் சுலபமாகத்தான் இருந்தது. பீப்பாயைத் தாங்கியோடு ஒரு பெல்ட் பிடித்திருக்கிறது. பெல்ட்டின் முனையில் சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி. படகு சில ஆள் ஆழம் இறங்கியதும் தண்ணீர் அழுத்தத்தில் அந்தக் கருவி பெல்ட்டை அறுத்துவிடும், பீப்பாய் மேலே போகும். பீப்பாய்க்குள்ளிருந்து வரும் கயிற்றை அந்தக் கருவியிலேயே இருக்கும் மெல்லிய சிவப்புக் கண்ணியில் மாட்ட வேண்டும். கயிறு முழுசும் உருவி வந்து வெடுக்கென்று இழுபட்டால் உள்ளே இருக்கும் கேஸ் திறந்து மிதவை ஊதும். ஊதிய மிதவை மேலே இழுக்க, கண்ணி பட்டென்று அறுந்து மிதவைக்கு விடுதலை.

"அறுந்து போறதுக்குன்னே செஞ்ச கண்ணிக்கா அது" என்றான் ரஞ்சித். "பக்கத்துலயே இரும்பு வளையம் கீது பாருங்க. தெரியாதவன் அதுதான் கெட்டின்னு அதுல மாட்டிடுவான். மாட்டுனா மிதவையும் படகோட கீழ போவும். குமாரு கண்ணிலதான் மாட்னான். நான் கண்ணால பாத்தேன்."

கண்ணிக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. அந்த ஒரு சாணில் இரண்டு உயிர் போயிருக்கிறது. காந்திமதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

ரஞ்சித் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஷாக்கிளை மெதுவாகத் துடைத்தான். பாசி மாதிரி படிந்திருந்த அழுக்கு போனது. துடைத்தவன் கை நின்றுவிட்டது. பிளந்த மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. வெள்ளை. நட்டிலிருந்து போல்ட் முனைவரைக்கும் உடையாமல் நேராக ஓடியது. அதன் அடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள்.

வெள்ளை என்றால் என்ன என்று அவள் கேட்டாள். ஒருத்தர் மாட்டியதை இன்னொருத்தர் கழற்றி மறுபடி இறுக்கினால் வெள்ளையில் போட வேண்டும், அந்த வேலைக்கு ரீவொர்க் என்று பெயர், அதற்கென்று தனி ஆட்கள் என்றான் ரஞ்சித்.

"நீ எதுல இருந்தே?"

ரஞ்சித் துணியைக் கீழே வைத்தான். "ரீவொர்க்லதான்க்கா."

அவ்வளவுதான். மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே காந்திமதி அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள். எத்தனை நாளாக அந்தப் பிடிக்காகக் கை ஊறிக்கொண்டிருந்ததோ, ரஞ்சித்தின் கால் தரையில் பாவவில்லை. சுடலைக்கண்ணு மிதவையிலிருந்து உருண்டு எழுந்து ஓடிவந்தான்.

"யக்கா, விடுங்க. பட்டன் பிஞ்சா அதுக்கும் ஒரு வெள்ளைக் கோடு போட்டுத் தைப்பாரு."

ரஞ்சித் திமிறவில்லை. கழுத்து இறுகிய நிலையிலேயே கையை நீட்டி ஒரு பெயின்ட் பேனாவை எடுத்து, மேஜைமேல் கிடந்த வேறொரு நட்டில் சரக்கென்று ஒரு கோடு இழுத்தான். அடியில் ஒரே ஒரு புள்ளி வைத்தான். ரீவொர்க் ஆட்களில் யார் செய்தது என்று தெரிய வேண்டாமா? அதற்காக ஆளுக்கொரு அடையாளம். அவனுக்கு ஒற்றைப் புள்ளி.

காந்திமதி பிடியைத் தளர்த்தினாள். "ரெண்டு புள்ளி யாரு?"

அவன் கசங்கிய காலரை நீவிவிட்டுக்கொண்டான். "நீங்க நம்ப மாட்டீங்கக்கா. ஞாயித்துக்கிழமையானா உங்க வூட்லதான் சாப்புடுறான்" என்றான் கடைசியில். "வசந்து."

காந்திமதி உட்கார்ந்துவிட்டாள்.

மீதியை ரஞ்சித் சொல்லிக் கேட்டாள். வசந்தகுமார் சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக, நட்டை இறுக்காமலே கோட்டை மட்டும் இழுத்துவிட்டுப் போகிறவனாம். லைனில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஒருநாள் சோதனை ஓட்டத்தில் ஒரு காரின் சீட் போல்ட் கழன்றது. விசாரணையில் எல்லோரும் தெரியாது தெரியாது என்று நழுவ, குமாரவேல் ஒருத்தன்தான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான். வசந்தகுமாருக்கு வேலை போயிற்று. நிச்சயம் செய்த பெண் வீட்டார் விஷயம் கேள்விப்பட்டுப் பின்வாங்கினார்கள். ஊரில் அவன் தானாகவே வேலையை விட்டதாகத்தான் பேச்சு. குமாரவேலும் பாவம் என்று அதை யாரிடமும் சொல்லவில்லை, சொந்த அக்காவிடம்கூட.

பெருந்தன்மை! காந்திமதிக்குச் செத்த தம்பிமேலேயே கோபம் வந்தது. அடப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனை வாசல்படி ஏற விட்டிருப்பேனா? தன் கையால் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா என்று இரண்டாம் தரம் ஊற்றினாளே. அவன் அதைச் சாப்பிட்டுவிட்டு, பாடை தூக்கி, மார்பில் அடித்துக்கொண்டு அழுதானே. சாக்கை வாங்கிக்கொண்டு போக வந்தவனும் அவன்தானே.

"வெட்டுறதுன்னா சொல்லுங்க, அருவா எங்க ஊர்லருந்து வரணும்" என்றான் சுடலைக்கண்ணு. பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா யக்கா, வெள்ளைப் பேனா கடைல கெடைக்கு. ரெண்டு புள்ளி யாரு வேணா வைக்கலாம். இத மட்டும் கொண்டுட்டுப் போனியன்னா வக்கீலு கொட்டாவி விட்டுகிட்டே அவன வெளிய கூட்டியாந்துருவான்."

அது அவளுக்கும் தெரியும். மாதிரித் தாங்கியைக் கடன் கேட்டாள். கூடவே பெயின்ட் பேனாக்களையும் கேட்டாள்.

சாயங்காலம் வசந்தகுமார் கூப்பிட்ட குரலுக்கு வந்து சேர்ந்தான். கூடத்தில் தாங்கியும் காலிப் பீப்பாயும் இருந்தன. கயிறு சிவப்புக் கண்ணியில் வேறொரு ஷாக்கிள் போட்டு மாட்டப்பட்டு, நட்டின் மேல் ரஞ்சித் இழுத்த மஞ்சள் கோடு காய்ந்திருந்தது. பக்கத்து ஸ்டூலில் ஸ்பானர்கள், கழிவுத் துணி, அவற்றோடு கலந்து மஞ்சள், பச்சை, வெள்ளைப் பேனாக்கள். சமையலறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அதன் பின்னால் சின்னப்பொண்ணு உட்கார்ந்திருந்தாள். காந்திமதி அவள் வீட்டுக்கே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் உட்காரு, அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

இன்சூரன்ஸ்காரர்கள் வருகிறார்கள், எப்படிக் கட்ட வேண்டுமென்று அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம், நட்டு கோணலாக உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, கழற்றி மறுபடி டைட் வைத்துக் கொடு என்று காந்திமதி சர்வ சாதாரணமாகச் சொன்னாள்.

"எனக்கு இதெல்லாம் இன்னான்னே தெரியாதேக்கா. நான் கடல் பக்கமே போனதில்ல" என்றான் வசந்தகுமார்.

"கடல் எதுக்குடா? நட்டு தெரியுமில்ல?"

நட்டு தெரியும். உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து சுடலைக்கண்ணு தான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா கதையை எடுத்துவிட்டான். மாடிக்குப் போகும் ஒவ்வொரு தரமும் மோட்டார் போட்டியா என்று கேட்பாளாம், ஒருநாள் தூக்கத்தில் அவனே எழுந்துபோய் ஊர்த் தண்ணித் தொட்டி மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தானாம். கதை நீண்டுகொண்டே போனது. வசந்தகுமார் சிரித்தான். சிரித்துக்கொண்டே நட்டைக் கழற்றினான், துடைத்தான், மாட்டினான், இறுக்கினான். ஸ்பானரைக் கீழே வைத்தான். கதையில் வீட்டுக்காரம்மா போலீசைக் கூப்பிடும் கட்டம். அவன் கண் சுடலைக்கண்ணுவின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்கு ஸ்டூலுக்குப் போய் வெள்ளைப் பேனாவை எடுத்தது. மூடியைப் பல்லால் கழற்றி, சரக்கென்று ஒரு கோடு. டொக், டொக் என்று இரண்டு புள்ளி.

சுடலைக்கண்ணு கதையை அந்தரத்தில் விட்டான்.

காந்திமதி முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஷாக்கிளை எடுத்து, அவன் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே சாய்வு, அதே நீளம், அடியில் அதே இரண்டு புள்ளி. வசந்தகுமார் இரண்டையும் பார்த்தான். பிறகு தன் கையில் இருந்த பேனாவைப் பார்த்தான். அதை எப்போது எடுத்தோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மூடி இன்னும் பல்லுக்கிடையில் இருந்தது.

"கடல் பக்கமே போகாதவன் கோடு கடலுக்கடில எப்புடிடா போச்சு?" என்றாள்.

முதலில் எவனோ வேண்டுமென்றே என்னை மாதிரி போட்டிருக்கிறான் என்றான். அவள் ஷாக்கிளை அவன் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அதைப் பார்க்க முடியாமல் அவனே உடைந்தான். ஐப்பசி பிறந்ததும், படகைக் கரையில் ஏற்றி வைத்திருந்தபோது, ராத்திரிக் காவலுக்கு நான் படுத்துக்கொள்கிறேன் என்று கோவளத்துக்குப் போனதை ஒப்புக்கொண்டான். டியூப் உறைக்குள்ளே கை விட்டதையும் ஒப்புக்கொண்டான். சுடலைக்கண்ணுவின் செல்போன் சட்டைப் பையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அத்தினி பேர் முன்னால எம் பேரைக் கெடுத்தான்க்கா. அவன் கட்டுனதும் தப்புன்னு ஒரு நாள் ஊரு சொல்லணும்னு நெனச்சேன்" என்றான். அழுகிறான் என்று பார்த்தால் அழவில்லை. முகத்தில் ஒரு விறைப்பு வந்திருந்தது. "மாசம் பொறந்தா அவனே உறையை எடுத்துப் பாத்திருப்பான். அதுக்குள்ள போட்டைக் கவுத்தது கடலு. நான் கவுக்கல. ஒரு நட்டை எடம் மாத்துனதுக்கு எந்தக் கோர்ட்ல தூக்குப் போடுவாங்க?"

"புரட்டாசிலயும் அந்தப் போட்டு அங்கதான் கெடந்துச்சு" என்றாள் காந்திமதி. "கடல் பொங்குற ஐப்பசி வரைக்கும் காத்துகினு இருந்தே. எங்க வூட்டு சோத்தைத் துன்னுகினே காத்துகினு இருந்தே."

அவள் கையில் பெரிய ஸ்பானர் எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. இந்தக் கையை முறிப்பேன் என்று சத்தியம் செய்தாளே, அந்தக் கை இதோ ஸ்டூலின் மேல், வெள்ளைப் பேனாவோடு, ஒரு அடி தூரத்தில். ஓங்கியும் விட்டாள். வசந்தகுமார் கையை இழுத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் கண்ணை மூடிக்கொண்டான். சுடலைக்கண்ணு, யக்கா, யக்கா என்றான். அவன் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

ஸ்பானரைப் பிடித்து நிறுத்தியது சின்னப்பொண்ணு. சமையலறைக் கதவை அவள் திறந்த சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லை. முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. காந்திமதியின் தோளில் ஒரு தரம் முகத்தைப் புதைத்து எடுத்தாள். பிறகு வசந்தகுமார் பக்கம் திரும்பினாள்.

"அடிக்காத. அடிச்சா ஒரு நிமிசத்துல முடிஞ்சிபூடும்" என்றாள். "குமாரு தப்பாக் கட்டிட்டான்னு வூடு வூடாப் போயி நான் சொல்லி வெச்சிகீறேன். அத்தையெல்லாம் இப்ப யாரு மாத்திச் சொல்றது? இவந்தான் சொல்லணும். இவன் வாயாலதான் சொல்லணும்."

வசந்தகுமாரின் விறைப்பு அப்போதுதான் கலைந்தது. போலீசுக்கே போகிறேன் அக்கா, எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன், தெருவில் மட்டும் வேண்டாம் என்று கெஞ்ச ஆரம்பித்தான். ஊர் வாயில் விழுவது எப்படியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தானே இத்தனையும் செய்தான். அவன் கெஞ்சக் கெஞ்ச காந்திமதிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதைவிடப் பொருத்தமான தண்டனையை உட்கார்ந்து யோசித்திருந்தாலும் அவளால் கண்டுபிடித்திருக்க முடியாது. சுடலைக்கண்ணுவை இன்ஸ்பெக்டருக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, வசந்தகுமாரின் வலது கை மணிக்கட்டைப் பிடித்துத் தெருவில் இறக்கினாள்.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் நேரம். தெரு முழுக்க நீலச் சட்டைகள், வாசலெல்லாம் ஜனம். முதல் வீட்டுக் கதவை சின்னப்பொண்ணே தட்டினாள். கதவு திறந்தது.

"சொல்லு" என்றாள். "யாரு கட்டுனது, எப்புடிக் கட்டுனது?"

"குமாரவேலு ஒழுங்காத்தான் கட்னான்" என்றான் வசந்தகுமார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு. யாரு அவுத்தது?"

"நான்தான்."

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. நாலாவது வாசலுக்குள் தெருவே பின்னால் திரண்டு வந்தது. லைனில் கூட வேலை பார்த்தவர்கள் சிலர் சாப்பாட்டுப் பையோடு நின்று கேட்டார்கள். ஒருவர் காறித் துப்பினார். ஒரு வாசலில் அவன் குரல் எழும்பவில்லை என்று சின்னப்பொண்ணு மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தாள். காந்திமதி மணிக்கட்டை விடவேயில்லை. தம்பி பெயர் ஒவ்வொரு வாசலிலும் கேட்கும்போது கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

தெரு பாதி முடிந்திருந்தபோது போலீஸ் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஆளை ஒப்படைக்கச் சொல்லிக் கையை நீட்டினார்.

"இன்னும் பாதித் தெரு பாக்கி கீது சார்" என்றாள் காந்திமதி. "முடிச்சதும் இட்டுகினு போங்க."